லாரி 'செல்ஃப்' எடுக்கலையா? புது ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கும் முன் இதைப் பாருங்க!

காட்டுப்பள்ளி துறைமுக கேட்டில் வரிசை நகர்கிறது. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. பின்னால் நிற்கும் டிரெய்லர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பிக்கின்றன. விசாரித்தால் முதலில் வரும் பதில், "செல்ஃப் போயிடுச்சு அண்ணே, புதுசு மாத்திடலாம்" என்பதுதான்.

உண்மையிலேயே போனது செல்ஃப் மோட்டார்தானா? அதுதான் என்றால் கம்பெனி புதுசு வாங்குவதா, ரீவைண்டிங் செய்வதா, பாதி விலைக்குக் கிடைக்கும் லோக்கல் மோட்டாரை மாட்டுவதா? அவசரத்தில் எடுக்கும் முடிவு ஒற்றை லாரி வைத்து ஓட்டுபவரின் அந்த மாத வருமானத்தையே காலி செய்துவிடும். இதுகுறித்து விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• செல்ஃப் எடுக்காததற்கு மோட்டார் மட்டும் காரணம் அல்ல. பேட்டரி, கேபிள், எர்த் ஒயரை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.
• மாற்று மோட்டாரை வண்டி மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. பழைய மோட்டாரின் தகட்டில் உள்ள எண்ணை வைத்து வாங்க வேண்டும்.
• ரீவைண்டிங் தப்பில்லை. ஆனால் எல்லா மோட்டாருக்கும் அது சரிப்படாது.
• பில் இல்லாமல் வாங்கினால், வாரண்டியும் வழக்குப் போடும் வாய்ப்பும் கைநழுவும்.

'செல்ஃப்' என்ன வேலை செய்கிறது?

இன்ஜினைக் கையால் கிராங்க் சுற்றிக் கிளப்பிய காலத்தில், 'தானே கிளப்பும்' மின்மோட்டாருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரின் முதல் பாதி மட்டும் நம்ம ஊர் பணிமனைகளில் நிலைத்துவிட்டது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அழுத்தினால், லாரி டீசல் இன்ஜின் 16 முதல் 18-ல் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்த எதிர்ப்பை மீறி, நிமிடத்துக்கு 100 முதல் 200 சுற்று வேகத்தில் இன்ஜினைச் சுழற்ற வேண்டும். வேகம் குறைந்தால் சூடு போதாது, வண்டி கிளம்பாது.

சாவியைத் திருப்பியதும் மோட்டாரின் மேல் உள்ள சோலனாய்டு சுவிட்ச் முதலில் வேலை செய்யும். அது பினியன் எனப்படும் சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி, ஃப்ளைவீலில் உள்ள ரிங் கியருடன் சேர்க்கும். அடுத்த நொடி பேட்டரி மின்சாரம் மோட்டாருக்குப் பாயும். கனரக லாரியில் இது பல நூறு ஆம்பியர். இன்ஜின் பிடித்ததும் பினியன் விலகிவிட வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "செல்ஃப் எடுக்கல."

கும்மிடிப்பூண்டி பக்கம் மட்டும் ஏன் கூடுதல் தொல்லை?

செல்ஃப் மோட்டாரின் ஆயுளைக் கிலோமீட்டரை விட, எத்தனை முறை ஸ்டார்ட் செய்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது. சென்னையிலிருந்து நெல்லூர், விஜயவாடா என்று நீண்ட தூரம் ஓடும் லாரி ஒரு நாளில் சில முறைதான் ஸ்டார்ட் ஆகும். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளுக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளிக்கும் நடுவே ஓடும் வண்டியின் கதை வேறு. எடைமேடை, கம்பெனி கேட், துறைமுக வரிசை என ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும். கார்பன் பிரஷ், சோலனாய்டு காண்டாக்ட், பினியன் பல் எல்லாமே சீக்கிரம் தேயும்.

எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் உப்புக்காற்று. அது பேட்டரி டெர்மினலிலும் எர்த் ஒயர் முனையிலும் பூப்பூத்த மாதிரி அரிப்பை உண்டாக்கும். அத்திப்பட்டு சுற்றுவட்டாரத்தில் நிலக்கரித் தூசியும் சாம்பலும், கும்மிடிப்பூண்டி உருக்காலைகள் பக்கம் இரும்புத் துகளும் மோட்டாருக்குள் படியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிகளில், கீழே தொங்கும் மோட்டாருக்குள் தண்ணீரும் சேறும் புகும்.

செல்ஃப் மேல் நம்பிக்கை போனால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 'அணைச்சா திரும்ப எடுக்காது' என்ற பயத்தில் வரிசையில் இன்ஜினை அணைக்காமலே வைத்திருப்பார்கள். இன்ஜின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை டீசல் சும்மாவே எரியும்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்

சத்தமே இல்லை: பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், டெர்மினல், ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. பல மாடல்களில் கிளட்ச் மிதித்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டர் செல்ஃபை அனுமதிக்கும். சின்ன சுவிட்ச் கோளாறுக்கு மொத்த மோட்டாரை மாற்றிவிடக் கூடாது.

'டக டக டக' என்று தொடர் சத்தம்: பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது டெர்மினல் லூஸாக இருக்கும்.

ஒரே ஒரு 'டிக்': சோலனாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. காண்டாக்ட் எரிந்திருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம்.

இழுத்து இழுத்துச் சுற்றுகிறது: பேட்டரி, கேபிள், எர்த் கோளாறு, அல்லது புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உள்ளே உரசுகிறது.

மோட்டார் மட்டும் 'உய்ய்ங்' என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை: பெண்டிக்ஸ் வழுக்குகிறது.

'கரகர'வென்று பல் உரசும் சத்தம்: பினியன் அல்லது ரிங் கியர் பல் போயிருக்கிறது. ரிங் கியரைப் பார்க்காமல் புது மோட்டார் மாட்டினால், புதுசின் பல்லையும் அது தின்றுவிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது: சோலனாய்டு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே இன்ஜினை அணைத்து, பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். விட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மல்டிமீட்டர் இருந்தால் 10 நிமிடம் போதும்

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

முதலில் பேட்டரி. கனரக லாரிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். மொத்தமாக அளக்காமல் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். முழு சார்ஜில், ஓய்வாக இருக்கும்போது ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது எந்தப் பேட்டரியும் சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

இங்கே பலரும் செய்யும் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். ஆடியோ செட், ஃபேன், மொபைல் சார்ஜருக்காக 24 வோல்ட் வண்டியில் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் ஒயர் இழுப்பார்கள். அந்தப் பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். ஒருநாள் செல்ஃப் எடுக்காது, பழி மோட்டார் மேல் விழும். இதற்கென்று 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் கடைகளில் கிடைக்கிறது.

அடுத்து கேபிள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் முனையிலும், மறுமுனையை மோட்டாரின் பெரிய டெர்மினலிலும் வைத்து மூன்று நான்கு வினாடி செல்ஃப் அடியுங்கள். 12 வோல்ட் வண்டியில் 0.5, 24 வோல்ட் வண்டியில் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளில், லக்கில் அல்லது கட்-ஆஃப் சுவிட்சில் கோளாறு. இதே மாதிரி மோட்டார் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால் எர்த் நிலவரம் தெரியும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? 300 ஆம்பியர் பாயும்போது வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போய்விடும். ஒரு துருப்பிடித்த நட் போதும். கியர் பாக்ஸ் வேலை பார்த்து இறக்கி ஏற்றியபோது இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரைத் திரும்ப மாட்டாமல் விட்டதும் காரணமாக இருக்கலாம்.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரி, டெர்மினல் பக்கம் சந்தேகம். மோட்டார் இறுகியிருந்தாலும் இப்படி ஆகும். 'டிக்' சத்தம் வந்தும் வெளிச்சம் குறையவே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குள் போகவில்லை. சோலனாய்டு காண்டாக்ட் அல்லது கார்பனைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வண்டிக்கு அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் சோலனாய்டு டெர்மினல்களை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி அப்படியே ஆள் மேல் ஏறும்.

புதுசா, ரீவைண்டிங்கா, பழசா?

சோதித்துப் பார்த்து கோளாறு மோட்டாரில்தான் என்று உறுதியானால், உங்கள் முன் உள்ள வழிகள் இவை.

1. கம்பெனி புதுசு: வாகன நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அல்லது அந்த நிறுவனத்துக்கு மோட்டார் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வருவது. இரண்டாவது பல நேரங்களில் விலை குறைவாக இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டது. அதன் ஆலை சென்னை பாடியில் இருக்கிறது. அசோக் லேலண்ட் ஆலை எண்ணூரில். எனவே திருவள்ளூர் மாவட்டத்து வண்டிக்காரர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரும் சர்வீஸ் மையமும் தொலைவில் இல்லை.

2. ரீவைண்டிங், சர்வீஸ்: மோட்டாரின் பாடி, ஷாஃப்ட், கம்யூட்டேட்டர் நன்றாக இருந்து, கார்பன், புஷ், பெண்டிக்ஸ், சோலனாய்டு மட்டும் போயிருந்தால் இதுவே நல்ல வழி. ஆர்மேச்சர் எரிந்திருந்தாலும் திறமையான கைகளில் சரியாகிவிடும். ஆனால் கம்யூட்டேட்டர் கடைந்து கடைந்து மெலிந்துவிட்டது, ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, மூக்குப் பகுதியில் விரிசல், ஏற்கெனவே இரண்டு முறை ரீவைண்டிங் ஆகிவிட்டது என்றால் அதில் திரும்பப் பணம் போடாதீர்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்து, தகடுகளுக்கு நடுவே உள்ள மைக்காவைச் சுரண்டிவிடுவீர்களா? என்ன கார்பன் போடுகிறீர்கள்? பெண்டிக்ஸ் புதுசா, பழசா? கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பத் தருவீர்களா? வாரண்டியை எழுதித் தருவீர்களா? நல்ல எலக்ட்ரீஷியன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

3. பழைய மார்க்கெட் மோட்டார்: சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் கழற்றி விற்கும் மோட்டார். உற்பத்தி நின்றுபோன பழைய மாடல் வண்டிக்கு இது கைகொடுக்கும். ஆனால் உள்ளே என்ன நிலைமை என்று பிரித்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது. சர்வீஸ் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள்.

4. பெயர் தெரியாத லோக்கல் புதுசு: பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும். செம்பின் தரம், புஷ், பெண்டிக்ஸ் இரும்பின் பதம் எதுவும் வெளியே தெரியாது. யார் தயாரித்தது என்ற முகவரியே பெட்டியில் இல்லை என்றால், பழுதானால் யாரிடம் போய் நிற்பது?

உள்ளூரிலேயே சுற்றும் வண்டியில் செல்ஃப் படுத்தால் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒரு போன் தூரத்தில் இருப்பார். ரீவைண்டிங் போதும். ராத்திரி நேரத்தில் சூளூர்பேட்டை தாண்டி ஆள் அரவம் இல்லாத இடத்தில் நின்றால், மீட்பு வண்டி வாடகை, லோடு தாமதம் இரண்டும் சேர்ந்து மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடும். தொலைதூர வண்டிக்குக் கம்பெனி புதுசே பாதுகாப்பு.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய 7 பொருத்தம்

'லேலண்டு ஆறு சக்கரத்துக்கு ஒரு செல்ஃப் கொடுங்க' என்று கேட்டு வாங்குவதில்தான் தப்பு தொடங்குகிறது. ஒரே மாடல் லாரியிலேயே வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். பழைய மோட்டாரின் தகட்டைத் துடைத்து, அதிலுள்ள எண்ணையும் வண்டியின் சேஸிஸ் எண்ணையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய மோட்டாரையே கடைக்குக் கொண்டுபோய் கவுண்டரில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1. வோல்டேஜ்: 12-ஆ, 24-ஆ? 12 வோல்ட் மோட்டாருக்கு 24 கொடுத்தால் எரியும். 24-க்கு 12 கொடுத்தால் இன்ஜினைத் தள்ளாது.

2. பவர்: சின்ன சரக்கு வண்டிகளுக்குப் பொதுவாக 2 முதல் 3 கிலோவாட், கனரக லாரிகளுக்கு 4 கிலோவாட்டுக்கு மேல். தகட்டில் உள்ளதை விடக் குறைந்ததை வாங்காதீர்கள்.

3. பினியன் பல்: எத்தனை பல் என்று எண்ணுங்கள். பல்லின் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பல் மாறினாலும் ரிங் கியர் போகும்.

4. சுற்றும் திசை: வலப்பக்கமா, இடப்பக்கமா என்பது தகட்டில் குறி போட்டிருக்கும்.

5. போல்ட் துளைகள்: இரண்டா, மூன்றா? இடைவெளி, கோணம் இரண்டும் பொருந்த வேண்டும். துளையைக் கடைந்து பெரிதாக்கி மாட்டும் வேலை வேண்டாம்.

6. பினியனின் தூரம்: மோட்டார் உட்காரும் முகப்பிலிருந்து பினியன் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை ஸ்கேல் வைத்து இரண்டிலும் அளந்து பாருங்கள்.

7. சோலனாய்டு இருக்கும் பக்கம், டெர்மினல்கள்: இது மாறினால் மோட்டார் சேஸிஸிலோ பைப்பிலோ இடிக்கும். ஒயரும் எட்டாது.

'கியர் ரிடக்ஷன்' வகை மோட்டார் பற்றியும் கடையில் சொல்வார்கள். உள்ளே பல்சக்கரம் வைத்து, சின்ன மோட்டாரை வேகமாகச் சுழற்றி விசையைக் கூட்டும் வகை இது. எடை குறைவு, இழுக்கும் மின்சாரமும் குறைவு. பழைய கனமான மோட்டாருக்குப் பதில் இதைப் போடலாமா? உங்கள் இன்ஜினுக்கு இது பொருந்தும் என்று மோட்டார் தயாரிப்பாளரின் பட்டியலில் இருந்தால் தாராளமாகப் போடலாம். 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' என்ற கடைக்காரரின் வாய்வார்த்தை போதாது.

வாங்கும் முன் கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரை வைஸில் இறுக்கிய பிறகே ஓட்ட வேண்டும். இல்லையென்றால் துள்ளி விழும். ஆனால் சும்மா சுற்றுவதை வைத்து மட்டும் நல்ல மோட்டார் என்று முடிவு செய்ய முடியாது. சுமை கொடுத்து சோதிக்கும் பெஞ்ச் உள்ள கடை என்றால் இன்னும் நல்லது.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியில் உள்ள எண்ணும் மோட்டார் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி மாதம், அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்க வேண்டும். நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். ஹோலோகிராம் அல்லது க்யூஆர் குறியீடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழைய மோட்டாருக்குப் பெயின்ட் அடித்துப் புதுசாக விற்பதும் உண்டு. போல்ட் தலையில் ஸ்பேனர் தழும்பு, பினியன் பல்லில் தேய்மானம், தகடு ஒட்டிய இடத்தில் பசை தெரிந்தால் வாங்காதீர்கள்.

போலி வணிகச் சின்னத்துடன் பொருள் விற்பது, 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கக்கூடிய குற்றம்.

'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்': சரியா?

வாகன உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி. அந்தத் தொகை மிச்சமாகுமே என்று பில்லை விட்டுவிட்டால், வாரண்டி கேட்கவே முடியாது. பில்லில் மோட்டாரின் பாக எண், வரிசை எண், வண்டி எண், வாரண்டி காலம் நான்கும் இருக்கட்டும். வாரண்டியில் 'ஆர்மேச்சர் எரிந்தால் கிடையாது' போன்ற நிபந்தனை உண்டா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

'லாரி தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது' என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது சரிதான். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் - பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியே விளக்கியது. முழுக்க முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டுபவருக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்கிறது.

எனவே சொந்த லாரியைத் தானே ஓட்டுபவர், மோசமான மோட்டாரை விற்று ஏமாற்றியவர் மீது தான் வசிக்கும் மாவட்டத்திலேயே, உதாரணத்துக்கு திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. முதல் கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். எல்லாவற்றுக்கும் கையில் இருக்க வேண்டியது அந்த பில்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

• முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிஎஸ்-6 வண்டியில் சாவியை அணைத்த பிறகு யூரியா திரவம் குழாயிலிருந்து தொட்டிக்குத் திரும்பச் சில நிமிடம் ஆகும். அதன் பிறகு கட்-ஆஃப் செய்யுங்கள்.
• மோட்டார் உட்காரும் இடத்தில் துரு, பெயின்ட், ஆயில் பிசுக்கைச் சுத்தமாக எடுங்கள். பல வண்டிகளில் எர்த் அந்த வழியாகத்தான் கிடைக்கிறது.
• ஃப்ளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, ரிங் கியர் பல் எல்லாவற்றையும் பாருங்கள்.
• இன்ஜின் பின்பக்கம் ஆயில் ஒழுகுகிறதா? அதைச் சரி செய்யாமல் விட்டால் புது மோட்டாரும் ஆயிலில் குளிக்கும்.
• டெர்மினல்களை இறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். உப்புக்காற்றுக்கு அதுதான் மருந்து.

ஓட்டும்போது ஒரே நேரத்தில் 10 முதல் 15 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் ஓரிரு நிமிடம் ஆற விட்டு அடுத்த முறை முயலுங்கள். மூன்று முறைக்கும் எடுக்கவில்லை என்றால் டீசல் வருகிறதா என்று பாருங்கள். ஏர் பிடித்த இன்ஜினை விடாமல் சுற்றிச் சுற்றித்தான் பல மோட்டார்கள் எரிகின்றன.

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16-ல் நடுவழியில் நின்றுவிட்டால் வண்டியை முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, அபாய விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. அவசரத்தில் பக்கத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மோட்டாரை மாட்டுவதை விட, பேட்டரியையும் எர்த்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது செலவு குறைவு.